பாலம் வந்த பிறகு கிண்ணியாவில் வேலை கூடியதா?

"கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு வேலைவாய்ப்பு உண்மையில் கூடியதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலை மாவட்டத்திலுள்ள எங்கள் ஊரான கிண்ணியாவில் வேலைக்கு வந்து குடியிருக்க எண்ணுகிறீர்கள் என்று கருதியே எழுதுகிறேன். ஊருக்குள் புதிதாக வந்த வேலை சொற்பம். அக்கரையிலுள்ள சீனக்குடாப் பக்கம் கோதுமை மா ஆலையும் சீமெந்து ஆலையும் 1980களிலிருந்தே இயங்கினாலும், அங்கே இரவு முறைக்குப் போய்வர எங்களுக்கு வழி இருக்கவில்லை. என் நானா (அண்ணன்) அதற்காகவே சம்பளத்தில் ஒரு பங்கை அங்கே அறை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வருவார். பாலம் வந்ததால் நான் தினமும் வீட்டில் சாப்பிட்டு, வீட்டில் உறங்கி வேலைக்குப் போகிறேன்.

ஆனால் என் வாப்பாவின் (தந்தையின்) கணக்கு வேறு. துறையடியில் தேநீர்க் கடை வைத்திருந்தவர் அவர். அக்கரையில் பாதை, அதாவது ஆட்களை ஏற்றிவரும் மிதவைப் படகு, புறப்படுவதைக் கண்டதும் கேத்தலை அடுப்பில் ஏற்றுவார். ஆட்கள் இறங்கிக் கடைக்கு வரும்போது தண்ணீர் கொதித்திருக்கும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. பஸ்களும் லொறிகளும் நிற்காமல் போயின. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடையை மூடினார். கச்சான் விற்றவர்கள், மூட்டை தூக்கியவர்கள் எவருக்கும் மாற்றுத் தொழில் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. 2011இல் மூதூர் போகும் வழியிலுள்ள உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்கள் திறந்தபோது அங்கிருந்த துறைகளும் ஓய்ந்தன.

இதைப் படித்துவிட்டு நான் பாலத்துக்கு எதிரானவன் என்று யாரும் எழுத வேண்டாம். 2021 நவம்பரில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில் மக்களை ஏற்றிச் சென்ற பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உயிரிழந்ததைக் கண்ட ஊர்க்காரன், பாலம் வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லமாட்டான்.

என் மனக்குறை பஸ்ஸைப் பற்றியது. இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தால் கிண்ணியாவுக்கு பஸ் இல்லை. நாங்கள் பதினான்கு பேர் கையெழுத்திட்டு உரியவர்களிடம் கொடுத்த கடிதத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை. நால்வர் சேர்ந்து முச்சக்கர வண்டி பிடித்து, வெள்ளைமணல் தாண்டிப் பாலம் ஏறி வீடு சேர்கிறோம். நானா அன்று கொடுத்த வாடகை எனக்கு மிச்சம் என்றாலும், அதில் பாதி இந்தக் கூலிக்கே போய்விடுகிறது. ஆகையால் வேலைக்குச் சேருமுன், எத்தனை மணிக்கு முடியும், வண்டி கொடுப்பார்களா என்ற இரண்டையும் சம்பளத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.