டேட்டாபேஸ் இழுக்கிறதா? டெல்டா நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ஆலை, கடை, கல்லூரி, லேப் என்று பல இடங்களில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: செட்டிங்கில் கை வைக்கும் முன், சர்வர் அந்த நேரத்தில் எதற்காகக் காத்து நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அண்ணே, நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் ஓடுகிறது. சம்பா அறுவடை வந்துவிட்டால், காலையில் ஒழுங்காக இருப்பது மதியத்துக்கு மேல் இழுக்கிறது. எடை மேடையில் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. புது சர்வர் வாங்கிவிடலாமா?

வேண்டாம் தம்பி. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்றாலே, யாரோ ஒரு டிரான்சாக்‌ஷனைத் (ஒன்றாகச் சேர்த்து முடிக்க வேண்டிய மாற்றங்களின் தொகுப்பை) திறந்துபோட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள் என்று சந்தேகப்படணும். அடுத்த முறை இழுக்கும்போது ரீஸ்டார்ட் செய்யாமல் எந்த இணைப்பு என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைத் திறந்து பாருங்கள். ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ என்று, அதாவது திறந்தபடி சும்மா நிற்கிறது என்று, ஒரு வரி காலையிலிருந்தே கிடந்தால், ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

நடப்பது இதுதான். ஒரு லாரி உள்ளே வந்து வெளியே போவதற்குள் அதன் வரியை ஈரப்பதம், எடை, தொகை என்று பல தடவை திருத்துகிறீர்கள். போஸ்ட்கிரெஸ் பழைய வரியின் மேல் எழுதாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் புது வரி போட்டு, பழையதை அப்படியே விட்டுவைக்கும். அந்தக் குப்பையை அள்ளுவது, தானாகவே ஓடும் ஆட்டோவேக்கத்தின் வேலை. ஆனால் யாரோ ஒருவர் ஒரு வரியைத் திருத்திவிட்டு கமிட் செய்யாமல், அதாவது மாற்றத்தை உறுதிசெய்து முடிக்காமல், சாப்பிடப் போய்விட்டால், அவர் தொடங்கிய பிறகு சேர்ந்த குப்பை எதையும் அதனால் அள்ள முடியாது. நூறு வரி படிக்க வேண்டிய இடத்தில் ஆயிரக்கணக்கில் படிக்க நேரும்.

முதலில் அந்த இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் செஷன் டைம்அவுட்’ என்பதை 5 நிமிடம் என்று வையுங்கள். சாஃப்ட்வேர் எழுதியவரிடம் சொல்லி, கமிட் செய்யாமல் திரை திறந்தே கிடப்பதையும் சரிசெய்யச் சொல்லுங்கள். நிரந்தரத் தீர்வு அதுதான்.

அப்புறம் ஆட்டோவேக்கம். டேபிளில் 20 சதவீதமும் அதற்கு மேல் 50 வரியும் குப்பையானால்தான் அது தொடங்கும், அதுதான் இயல்பான அளவு. பத்து லட்சம் வரி உள்ள டேபிளுக்கு இது இரண்டு லட்சத்துக்கு மேல். அந்த ஒரு டேபிளுக்கு மட்டும், 20 சதவீதத்தைக் குறிக்கும் 0.2 என்பதை 0.02 ஆக்குங்கள். டேபிளை முழுதாகத் திருப்பி எழுதும் வேக்கம் ஃபுல் மட்டும் பகலில் வேண்டவே வேண்டாம். அது முடியும்வரை அந்த டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது.

கும்பகோணத்தில் பட்டுப் புடவைக் கடை, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். தீபாவளிக்கு முன் 32 ஜிபி ரேம் போட்டும் பில்லிங் வேகம் கூடவில்லையே, சார்?

ரேம் போட்டால் மட்டும் போதாது, அதை எடுத்துக்கொள்ளச் சொல்லவும் வேண்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடமான இன்னோடிபி பஃபர் பூல் இயல்பாக 128 எம்பிதான். பில்லிங் சாஃப்ட்வேரும் அதே மெஷினில் ஓடுகிறது என்றால் 16 ஜிபி கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் இழுத்தால், மெதுவாக ஓடும் குவெரிகளை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை) குறித்துவைக்கும் ஸ்லோ குவெரி லாகைப் போடுங்கள். அதில் வரம்பு 10 விநாடி என்று இருக்கும். பில் போடும் இடத்துக்கு அது ரொம்ப அதிகம், 1 ஆக்குங்கள்.

கட்டண வசூல் டேபிளில் தேதிக்கு இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) இருக்கிறது. ஆனாலும் 2024 வசூல் ரிப்போர்ட் முழு டேபிளையும் படிக்கிறது. (தஞ்சாவூர், கல்லூரி அலுவலகம்)

குவெரியில் ‘இயர்’ ஃபங்ஷனுக்குள் தேதியைப் போட்டிருப்பீர்கள். இன்டெக்ஸில் இருப்பது தேதி, நீங்கள் கேட்பது அதிலிருந்து கணக்கிட்ட வருடம், அதனால் இன்டெக்ஸ் உதவாது. 2024 ஜனவரி 1 முதல், 2025 ஜனவரி 1க்கு முன்வரை என்று எழுதுங்கள். டிசம்பர் 31 வரை என்று முடிக்காதீர்கள். தேதியோடு நேரமும் பதிவாகியிருந்தால், அன்றைய பகல் வசூல் முழுக்க விட்டுப்போகும்.

அண்ணா, ஊர்ப்பெயரைத் தமிழில் வைத்திருக்கிறோம். ‘கொரடாச்சேரி’ என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். எழுத்துப்பிழையே இல்லை. (திருவாரூர்)

நல்ல கேள்வி, தமிழில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ‘கொ’வில் இருக்கும் ஒகரக் குறியை, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலுமாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், போஸ்ட்கிரெஸுக்கு வேறு வேறு. நீளத்தைக் கேட்டுப் பாருங்கள், ஒன்று 11 என்று காட்டும், இன்னொன்று 12. பதிப்பு 13 முதல், இரண்டையும் ஒரே வடிவமாக்கும் ‘நார்மலைஸ்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. பழைய வரிகளை அதனால் ஒருமுறை திருத்திவிட்டு, புதிதாக உள்ளே வருவதையும் அதன் வழியாகவே விடுங்கள்.

ஊர்ப்பெயருக்கு எத்தனை எழுத்து ஒதுக்குகிறீர்கள் என்பதிலும் கவனம் தேவை. ‘கும்பகோணம்’ நமக்கு 6 எழுத்து, டேட்டாபேஸ் அதை 10 என்று எண்ணும்.

நாகப்பட்டினத்தில் ரத்தப் பரிசோதனை லேப். எஃப்சிங்க்கை நிறுத்தினால் போஸ்ட்கிரெஸ் வேகமாகும் என்கிறார்கள். செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். எழுதியது டிஸ்க்கில் இறங்கிவிட்டதா என்று உறுதிசெய்வதே அதுதான். அதை நிறுத்தியபின் ஒரு தடவை கரண்ட் போனாலும் டேட்டாபேஸ் மொத்தமும் சிதையலாம். அது நோயாளிகளின் ரிசல்ட்.

பேக்கப்பையும் அதே கட்டடத்தில் வைக்காதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நம் பக்கம் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். ஒரு நகல் வெளியூரில் இருக்கட்டும். இங்கே நடக்கும் மாற்றங்களை அப்படியே பின்பற்றும் ரெப்ளிகா இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் உடனே அழியும். மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறு மெஷினில் ஏற்றி, நேற்றைய ரிசல்ட் ஒன்றைத் திறந்து பாருங்கள்.