சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் போர் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது? மழைநீரை நிலத்துக்குள் இறக்கினால் மாறுமா?

மாறும், ஆனால் மெதுவாகத்தான். கொசஸ்தலையாறும் ஆரணியாறும் கொண்டுவந்து சேர்த்த மணல்தான் நம் நிலத்தடித் தொட்டி. கடலோரத்தில் நல்ல தண்ணீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. அது கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை உப்பு ஏறாது. வயலுக்கும் நகரத்துக்குமாக அந்த மட்டத்தையே உறிஞ்சிவிட்டோம். கடல் உள்ளே வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளையாகப் படியும். மொட்டைமாடி மழைநீரைப் பழைய கிணற்றில் விட்டோம். கார்த்திகையில் அதன் மேல்தண்ணீரில் பருப்பு வேகிறது!

தயவுசெய்து போரை இன்னும் ஆழமாக்காதீர்கள், உப்புதான் மேலே ஏறும். அப்புறம், ஐப்பசிக்கு முன்னால் மழைநீரை வடிகட்டும் குழியின் ஜல்லியை எடுத்து அலசிப் போடுங்கள்.