சின்ன வயதில் பாதரசத்தைக் கையில் உருட்டி விளையாடினோம், ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்?

மகளின் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு வெப்பமானி உடைந்ததற்காக அறையையே பூட்டிவிட்டார்கள், இது தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவள் நான். பூட்டியது சரிதான்.

கையில் உருட்டியபோது உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் போனதில் வியப்பில்லை. திரவப் பாதரசம் தோல் வழியாக மிகக் குறைவாகவே உள்ளே போகும். தெரியாமல் விழுங்கினால்கூடக் குடல் அதை ஏறக்குறைய அப்படியே வெளியே தள்ளிவிடும். அதன் ஆபத்து மூச்சு வழியாக வருகிறது. சாதாரண அறை வெப்பநிலையிலேயே பாதரசம் மெல்ல ஆவியாகிறது. அந்த ஆவிக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. உள்ளிழுத்ததில் சுமார் 80 சதவீதம் நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விடுகிறது.

கொதிநிலை 357 டிகிரி செல்சியஸ் ஆயிற்றே, அது எப்படி ஆவியாகும் என்று மாணவர்கள் கேட்பார்கள். தண்ணீர்கூட 100 டிகிரியில்தான் கொதிக்கிறது, ஆனாலும் கொடியில் போட்ட துணி காய்ந்துவிடுகிறதே என்பேன். பாதரசம் அதைவிடப் பல மடங்கு மெதுவாகத்தான் ஆவியாகும். ஆனால் கெடுதல் செய்ய அந்தக் கொஞ்சமே போதும். 20 டிகிரியில் மூடிய அறையின் காற்றில், கன மீட்டருக்குச் சுமார் 13 மில்லிகிராம் வரை பாதரச ஆவி சேர முடியும். வேலை செய்யும் இடத்துக்கு அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர்கள் பரிந்துரைக்கும் வரம்போ 0.025 மில்லிகிராம். ஏறத்தாழ 500 மடங்கு இடைவெளி! வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் ஆவியின் அளவு இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். நம் ஊர்க் கோடையை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை காற்றழுத்தத்தை அளக்கும் ஃபார்ட்டின் பாரமானியின் அடியில் பாதரசம் இருக்கும் தோல் பை கிழிந்து, பாதரசம் தரையில் கொட்டிவிட்டது. பதற்றத்தில் ஒருவர் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினார். அதுதான் தவறு. பாதரசத்தின் பரப்பு இழுவிசை, அதாவது திரவத்தை உருண்டைத் துளியாகத் திரட்டும் விசை, தண்ணீருடையதைப் போல ஆறு மடங்குக்கும் மேல். தரையில் ஒட்டாமல், தட்டத் தட்ட உடைந்து கடுகாகவும் கசகசாவாகவும் சிதறி ஓடும். துளிகள் பெருகப் பெருக ஆவியாகும் பரப்பும் கூடுகிறது. ஆறு மாதம் கழித்து அலமாரியை நகர்த்தி, டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பார்த்தேன். மொசைக் விரிசல் நெடுக வெள்ளிப் பொட்டுகள் மின்னின. அத்தனை நாளும் அதே அறையில்தான் பிள்ளைகள் செய்முறைப் பயிற்சி செய்திருந்தார்கள். இன்றும் அதை நினைத்தால் மனம் பதறுகிறது.

அன்று சிந்திய பாதரசத்தைத் தொட்ட ஒரு மாணவியின் தங்க மோதிரம் வெள்ளையாக வெளிறிப்போனது. தங்கத்தோடு பாதரசம் சேர்ந்து இரசக்கலவை ஆகிவிடும். பழைய நிலைக்கண்ணாடிகளுக்குப் பின்னால் பூசியதும் வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த கலவைதான். ‘ரசம் போன கண்ணாடி’ என்று நாம் சொல்வது அதைத்தான்.

கொஞ்ச நாளில் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக், பாதரசம் நிறைந்த வெற்றிடக் கருவிகளோடு பல்லாண்டுகள் வேலை செய்தவர். தீராத தலைவலி, மூக்கடைப்பு, மறதி என்று அவதிப்பட்டும் காரணம் பிடிபடவில்லை. ஆய்வகக் காற்றிலிருந்த பாதரசமே காரணம் என்று தெரிந்ததும், 1926-இல் தன் உடல்நிலையையே சான்றாக வைத்து எச்சரிக்கைக் கட்டுரை எழுதினார்.

சிந்திவிட்டால் முதலில் எல்லோரையும் வெளியே அனுப்பி, மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, வெளிப்பக்க ஜன்னல்களைத் திறக்க வேண்டும். நகை, கடிகாரத்தைக் கழற்றிவிட்டுக் கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு அட்டைகளால் துளிகளை ஒன்றுசேர்த்துச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி, இறுக மூடும் பிளாஸ்டிக் புட்டியில் விடுங்கள். பொடித்துளிகளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்கலாம். வேக்யூம் கிளீனர் கூடவே கூடாது. அது பாதரசத்தைச் சூடாக்கி அறை முழுக்க ஆவியாக ஊதிவிடும். சிங்க்கில் கொட்டினால் வளைகுழாயின் அடியிலேயே தங்கிவிடும். விரிசல்களில் தங்கிய பாதரசத்தைப் பிணைக்கக் கந்தகத் தூள் தூவலாம். ஆனால் அது மெதுவாகத்தான் வேலை செய்யும், துளிகளைப் பொறுக்காமல் தூளை மட்டும் போட்டுவிட்டுப் போவது ஏமாற்று வேலை.

உங்கள் மகள் அன்று போட்டிருந்த செருப்பின் அடியை டார்ச் அடித்துப் பாருங்கள். துளி ஏதாவது மின்னினால் வீட்டுக்குள் கொண்டுவராமல் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, கல்லூரி ஆய்வகத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள். துணியில் பட்டிருந்தால் அதையும் அப்படியே கட்டிக் கொடுங்கள், வாஷிங் மெஷினில் போட வேண்டாம்.