ஸ்டெல்லாரிஸ்: தூங்குற ஃபாலன் எம்பயரும் 2400க்கு மேல வர்ற வினையும்

மீன்பிடி தடைக்காலம் 61 நாளும் படகு கரையில கிடக்குதுல்ல, அதான் போல, மண்டபத்துல இருந்து தொண்டி வரைக்கும் எல்லாரும் ஸ்டெல்லாரிஸ்னு விண்வெளியில சாம்ராஜ்யம் கட்டுற இந்த கேமை ஆட கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டீங்க. வந்த கேள்வில பாதி ஒண்ணேதான், அதனால சேத்து சேத்து சொல்றேன்.

அண்ணே, பக்கத்துலயே ஒரு கையா கிரகம் (எந்த இனமும் வாழ ஏத்த சொர்க்கம் மாதிரி கிரகம்) சும்மா கிடந்துச்சு, குடியேறுனேன். உடனே ஒரு ஃபாலன் எம்பயர் (பழைய காலத்து, இப்ப ஒதுங்கித் தூங்குற பலசாலி சாம்ராஜ்யம்) காலி பண்ணுன்னு மிரட்டுது. என்ன செய்ய? (தேவிபட்டினம்)

காலி பண்ணிருங்க தம்பி, ரோசம் பாக்காதீங்க. அது ஹோலி கார்டியன்ஸோட புனித கிரகம், கோயில் இடத்துல கொட்டகை போட்டா விடுவாங்களா? முடியாதுன்னு சொன்னா சண்டைக்கு வந்துருவான், அவன் கப்பல்ல ஒண்ணுக்கு உங்க மொத்த ஃப்ளீட்டும் பத்தாது. மத்த ஃபாலன் எம்பயருக்கும் ஆளுக்கொரு கோவம் இருக்கு, ஜீனோஃபோப்காரன், அதாவது வெளியாளையே பிடிக்காதவன், பார்டரை ஒட்டி நீங்க ஸ்டேஷன் கட்டுனா கொதிப்பான், மத்த இனத்தை நேசிக்கிற ஜீனோஃபைல்காரனுக்கு நீங்க அடிமை வச்சிருந்தா ஆகாது, கீப்பர்ஸ் ஆஃப் நாலெட்ஜ் ஆபத்தான டெக்னாலஜில கை வச்சா வருவான். அவனவன் என்ன ரகம்னு முதல்ல பாத்துட்டு அப்புறம் அந்தப் பக்கம் போங்க.

காக்கா, பிரிகர்சர் (நமக்கு முன்னாடியே வாழ்ந்து அழிஞ்ச இனங்கள்) கதையெல்லாம் படிக்கணுமா, ஸ்கிப் பண்ணிடலாமா? (கீழக்கரை)

ஸ்கிப் பண்ணாதீங்க தம்பி, எனக்கு இந்த கேம்ல பிடிச்சதே அதுதான். நம்ம அழகன்குளத்துல ஓட்டாஞ்சில்லும் ரோமன் காசும் கிடைச்சுத்தானே அங்க ஒரு காலத்துல எப்பேர்ப்பட்ட துறைமுகம் இருந்துச்சுன்னு தெரிய வந்துச்சு, அதே மாதிரிதான் இங்கயும் ஒவ்வொரு நட்சத்திர சிஸ்டமா தேடி 6 துண்டு தடயம் சேத்தா அவங்க சொந்த சிஸ்டமே மேப்புல தெரியும். இராசியன் ஆளுங்க கொள்ளைநோய்ல போய்ட்டாங்க, வுல்டாம் கூட்டம் இந்த உலகமே பொய், எவனோ ஓட்டுற சிமுலேஷன்னு நம்பி மொத்தமா உயிரை விட்டுச்சு, அதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. சைப்ரெக்ஸ்ங்கிற மெஷின் இனத்தை மட்டும் மறந்துராதீங்க, கீழ அதுக்கு வேலை இருக்கு.

கேம்ல 2400ஆம் வருஷம் தாண்டுனதும் எந்த கிரைசிஸ் (கேலக்ஸியையே அழிக்க வர்ற கடைசிக் கட்ட எதிரி) வரும்னு முன்கூட்டியே தெரியுமா? மூணு தடவை தோத்துட்டேன். (பாம்பன்)

பாம்பன்காரரு நீங்களே இப்படி கேக்கலாமா, துறைமுகத்துல ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்துனதுமே எங்கயோ தூரத்துல என்னமோ கிளம்பிருச்சுன்னு புரிஞ்சிக்கிறவங்க தானே. பிரெதோரின்ங்கிற பூச்சிக் கூட்டம் மாதிரி எதிரிக்கு அப்படி கூண்டு உண்டு, கேலக்ஸிக்கு வெளிய இருந்து என்னமோ வருதுன்னு முன்னாடியே மெசேஜ் வரும், அதைப் படிக்காம ஓகே அமுக்குனா அது கேமோட தப்பு இல்ல. அவன் கப்பலுக்கு ஷீல்டே கிடையாது, எல்லாம் ஆர்மரும் உடம்பும்தான், அதனால பிளாஸ்மா, லான்ஸ்னு எனர்ஜி ஆயுதமா மாட்டுங்க, அவன் விடுறது மிசைலும் குட்டி விமானமும், அதுக்கு பாயிண்ட் டிஃபென்ஸ் கண்டிப்பா வேணும். வேற பரிமாணத்துல இருந்து வர்ற அன்பிடன் இதுக்கு நேர் எதிர், முழுக்க ஷீல்டு, ஆர்மர் இல்ல, அங்க கைனடிக் பீரங்கிதான் பேசும். யாராவது ஜம்ப் டிரைவ் (தூரத்துக்கு ஒரே தாவலா தாவுற இன்ஜின்) கண்டுபிடிச்சிட்டா அவன் வர்ற சான்ஸ் கூடும், அவன் வர்ற வாசலான போர்ட்டலைக் காக்குற ஆங்கரையெல்லாம் உடைச்ச பிறகுதான் போர்ட்டல்ல கை வைக்க முடியும், நேரா போர்ட்டலுக்கு ஓடுனா வெறும் கையோட திரும்புவீங்க. மூணாவது கன்டிஞ்சென்சி, மெஷின் கூட்டம். ஷீல்டு ஆர்மர் ரெண்டும் இருக்கு, கலந்து மாட்டணும், அவனோட நாலு ஹப் கிரகத்தை அழிச்சாத்தான் மெயின் கிரகம் தெரியும். உங்ககிட்ட ரோபோ நிறைய இருந்தா அவன் சிக்னல்ல உங்க வீட்டுக்குள்ளயே கலகம் வரும். இந்த சண்டையிலதான் சில சமயம் சைப்ரெக்ஸ் திரும்பி வந்து நம்ம பக்கம் நிக்கும், சொன்னேன்ல.

மூணு தடவை தோத்ததுக்கு காரணம் எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான், ஒரே டிசைன் கப்பலை வச்சு எல்லாருக்கும் போறீங்க. நெத்திலிக்கும் சுறாவுக்கும் ஒரே வலையா?

ரெண்டு ஃபாலன் எம்பயர் முழிச்சு மோதுற வார் இன் ஹெவன்ல எந்தப் பக்கம் சேரணும்? (ஏர்வாடி)

யார் பக்கமும் வேணாம்மா. பலம் இருந்தா ரெண்டு பேரையும் எதிர்க்குற நான்-அலைன்ட் லீக்ல சேருங்க, இல்லன்னா நியூட்ரல்னு ஒதுங்கிருங்க. முழிச்ச எம்பயர் நாளாக நாளாக சொகுசுல தானா தளர்ந்துரும்.

எல்-கேட் (மூடிக் கிடக்குற மர்ம வாசல்) திறக்கலாமா? (மண்டபம்)

7 இன்சைட் (அதைத் திறக்குற துப்பு) சேத்தவன் திறக்காம இருப்பானா, நானும் திறந்தேன். உள்ள டிராகன் இருக்கலாம், க்ரேன்னு ஒரு நல்ல ஆளும் கிடைக்கலாம், ஆனா க்ரே டெம்பஸ்ட்டா இருந்தா நானைட் (நுண் இயந்திர) கப்பல் கேட் கேட்டா வெளிய கொட்டும். வாசல்ல ஃப்ளீட்டை நிறுத்திட்டு திறங்க.

2400 வர்றதுக்குள்ள லேப்டாப் கொதிக்குது, ஒரு மாசம் ஓட ஒரு நிமிஷம் ஆகுது. (தொண்டி)

பாப்புலேஷன் ஏற ஏற கேம் திணறும், அது எல்லாருக்கும்தான். சின்ன கேலக்ஸி எடுங்க, குடியேறுற கிரகங்களோட எண்ணிக்கையை பாதியாக்குங்க, எண்ட்கேம் வருஷத்தை ஆரம்பத்துலயே 2350ன்னு மாத்திருங்க, கரண்டு போறதுக்குள்ள கிரைசிஸ் வந்துரும்.