போரில் பெரிய பதக்கம் வாங்கிய வீரர் யாராவது பிறகு வியாபாரத்துக்கு வந்தார்களா? வந்து என்ன ஆனார்கள்?

நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அவரும் என் தொழில்காரர், மின்சாரச் சாமான் இறக்குமதி. நான் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பல்ப், வயர், சுவிட்ச் விற்கிறவன். அவர் மெல்பேர்ன்காரர், பெயர் அல்பேர்ட் ஜக்கா, 1932இல் இறந்துவிட்டார்.

மகளைப் பார்க்க மெல்பேர்ன் போயிருந்தபோது செயின்ட் கில்டா கடற்கரை வீதியில் ‘ஜக்கா புல்வார்ட்’ என்று பெயர்ப்பலகை. யார் தம்பி இது என்று மருமகனைக் கேட்டேன். “முதலாம் உலகப் போரில் அவுஸ்திரேலியப் படையில் முதன்முதல் விக்டோரியா கிராஸ் வாங்கினவர் மாமா” என்றார், பிரிட்டிஷ் பேரரசின் மிகப் பெரிய வீரப் பதக்கம் அது. சரி என்று விட்டுவிட்டேன். (இராணுவக் கதை என்றால் தள்ளி நிற்கிற ஆள் நான், இந்த நாட்டுத் தமிழருக்கு அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ‘கிராஸ்’ என்றால் எனக்கு ‘ஃபர்ஸ்ட் கிராஸ் ஸ்ட்ரீட்’ என்கிற என் கடைத் தெருதான்.) பிறகு எலக்ட்ரிக் சாமான் இறக்குமதி செய்து நொடித்துப் போனார் என்று மருமகன் சேர்த்துச் சொன்னதும்தான் நின்று கேட்டேன். அன்று இரவே உட்கார்ந்து தேடித் தேடி வாசித்தேன்.

ஆள் வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை. விக்டோரியா மாநிலத்தில் 1893இல் பிறந்து, தகப்பனோடு கூலி வேலை, பிறகு வனத் திணைக்களத்தில் வேலை. 1915 மே மாதம் துருக்கியின் கலிப்பொலியில் துருக்கியர் பிடித்துவிட்ட பதுங்குகுழி ஒன்றுக்குள் தனியாகக் குதித்து ஐந்து பேரைச் சுட்டு, இரண்டு பேரைத் துவக்குக் கத்தியால் குத்தி, இடத்தைத் திரும்பப் பிடித்தார். அதற்குத்தான் அந்தப் பதக்கம். அடுத்த வருடம் பிரான்சில் பொசியேர் என்ற இடத்தில், ஜெர்மன்காரர் பிடித்துக் கொண்டுபோன தன் ஆட்களை ஒரு கை எண்ணிக்கை ஆட்களுடன் பாய்ந்து மீட்டார், உடம்பெல்லாம் காயம். அதற்கு மிலிட்டரி கிராஸ், அதுவும் ஒரு வீரப் பதக்கம். 1917இல் புல்லேகூரில் இன்னொரு தடவை அதே பதக்கம். இவ்வளவு செய்தும் கப்டனுக்கு மேலே போகவில்லை. மேலதிகாரிக்கு முகத்துக்கு நேரே பேசுகிற சுபாவம், புல்லேகூரில் டாங்கிகள் கைவிட்டதை அறிக்கையில் அப்படியே எழுதி வைத்த ஆள். அப்படிப்பட்ட வாய் வியாபாரத்துக்கும் உதவாது என்பது என் அபிப்பிராயம், ஆனால் அவரைக் கவிழ்த்தது வாய் இல்லை.

முதல் விக்டோரியா கிராஸ் வாங்கும் அவுஸ்திரேலியருக்கு 500 பவுண்ட் பணமும் தங்க மணிக்கூடும் தருவதாக மெல்பேர்ன் பணக்காரர் ஜோன் ரென் அறிவித்திருந்தார், ஜக்காவுக்கு அது கிடைத்தது. போர் முடிந்து வந்ததும் தன் பழைய பட்டாலியன் ஆட்கள் இரண்டு பேரோடு சேர்ந்து ‘ரொக்ஸ்பரோ ஜக்கா’ என்று கம்பெனி போட்டார், ரென்னும் கைகொடுத்தார். 1921இல் அங்கே டைப் அடித்த பெண்ணையே கல்யாணம் செய்தார். வியாபாரம் நன்றாக ஓடியது, 1930இல் செயின்ட் கில்டாவின் மேயரும் ஆனார்.

அதே வருடம்தான் கம்பெனியை மூட வேண்டி வந்தது. உலகமெங்கும் பொருளாதார மந்தம், அவுஸ்திரேலியப் பிரதமர் ஸ்கல்லினின் அரசாங்கம் இறக்குமதித் தீர்வையை ஏற்றியது. வெளிநாட்டுச் சாமானை நம்பிக் கடை வைத்தவன் அந்த இடத்தில் என்ன செய்ய முடியும்? 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் பாய்ந்தபோது என் பெட்டிகள் துறைமுகத்தில் கிடந்தன, வங்கியில் டொலர் இல்லை, நாள் வாடகை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருடக் கடை, முதல் தடவையாக ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பினேன். அவனிடம் அதைச் சொல்லப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால் ஜக்காவுக்கு வியாபாரம் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மேயர் நாற்காலியில் இருந்தபடி ஊரில் வேலை இல்லாதவர்களுக்காக அலைந்தார், தன் கடையோ போய்விட்டது. பிறகு ஒரு சவர்க்காரக் கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் ஓடர் எடுக்கும் விற்பனையாளராக வேலைக்குச் சேர்ந்தார். மூன்று பதக்கம் வாங்கின மனிதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போய்ச் சவர்க்காரம் விற்றிருக்கிறார். எனக்கு அவர் கலிப்பொலியில் குதித்ததைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. கௌரவம் பார்த்து வீட்டிலேயே இருந்துவிட்ட எத்தனையோ முதலாளிகளை இந்தத் தெருவில் பார்த்திருக்கிறேன்.

சிறுநீரக வருத்தத்தில் 1932 ஜனவரி 17ஆம் திகதி போய்விட்டார், வயது வெறும் 39. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்தார்கள், விக்டோரியா கிராஸ் வாங்கிய எட்டுப் பேர் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். செயின்ட் கில்டா மயானத்தில்தான் அடக்கம். மருமகன் கூட்டிப் போகிறேன் என்றார், அன்றைக்கு மழை, போகக் கிடைக்கவில்லை.