வாசகர் கேட்டவை: போர்க்கப்பல்கள், ஏவுகணைகள், நீர்மூழ்கிகள்

காலிமுகத்திடலில் மாலையில் நடக்கச் செல்வோர், துறைமுகத்தை நோக்கி மெல்ல நகரும் சாம்பல் நிறப் போர்க்கப்பல்களை அடிக்கடி காண்கிறார்கள். அவற்றைப் பற்றிச் சில மாதங்களாக எமக்கு வந்து சேர்ந்த கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாக்கியுள்ளோம்.

கேள்வி: நட்புப் பயணமாக வரும் கப்பல்களில் ஒன்றைப் பிரிகேட் என்றும் இன்னொன்றை நாசகாரி என்றும் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றனவே, வேறுபாடு என்ன? (வாசகர், மட்டக்குளி)

பதில்: உங்கள் குழப்பம் நியாயமானது. இந்தப் பெயர்களுக்கு உலகக் கடற்படைகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட ஒரே வரையறை கிடையாது. பொதுவாகக் கொர்வெட் சிறியது, பிரிகேட் நடுத்தரமானது, நாசகாரி பெரியது என்று கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நீருக்கடியில் ஓடிச்சென்று வெடிக்கும் டோர்பிடோ என்ற ஆயுதத்தை வீசும் சிறு படகுகள் பெருங்கப்பல்களை அச்சுறுத்தத் தொடங்கியபோது, அப்படகுகளைத் துரத்தி அழிப்பதற்கென்றே விரைவுக் கப்பல்கள் கட்டப்பட்டன. அவற்றுக்கு இடப்பட்ட 'டோர்பிடோப் படகு நாசகாரி' என்ற நீண்ட பெயரின் கடைசிச் சொல் மட்டுமே இன்று எஞ்சியிருக்கிறது. அன்று சில நூறு தொன் எடையே இருந்த அந்த வகை, அமெரிக்காவின் ஆர்லி பர்க் வகுப்பில் ஒன்பதாயிரம் தொன் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஜப்பானோ, 248 மீற்றர் நீளமும் முழுநீளத் தட்டையான மேற்தளமும் கொண்ட இசுமோ கப்பலையும் ஹெலிகொப்டர் தாங்கும் நாசகாரி என்றே வகைப்படுத்தியது. ஆகவே, ஒரு கப்பலைப் பார்க்கும்போது அதன் வகைப்பெயரை விட அதன் பாய்மரத்தண்டில் எத்தனை ராடார்கள் உள்ளன, பின்தளத்தில் ஹெலிகொப்டர் இறங்க இடமும் கொட்டகையும் உண்டா என்பனவற்றைக் கவனியுங்கள். கப்பலின் வேலையை அவையே சொல்லிவிடும்.

கேள்வி: எமது கடற்படையின் 'கஜபாகு' கப்பலில் இருவகை இயந்திரங்கள் உள்ளனவாமே, ஏன்? (பொறியியல் மாணவர், தெஹிவளை)

பதில்: கஜபாகு, முன்னர் அமெரிக்கக் கரையோரக் காவற்படையில் 'ஷேர்மன்' என்ற பெயரில் பணியாற்றிய ஹமில்டன் வகுப்புக் கப்பல். 115 மீற்றர் நீளமுள்ள அது 2018இல் இலங்கைக்குக் கையளிக்கப்பட்டது. அந்த வகுப்பில் ஒவ்வொன்றும் 3,500 குதிரைவலு தரும் இரண்டு டீசல் இயந்திரங்களும், ஒவ்வொன்றும் 18,000 குதிரைவலு தரும் இரண்டு வாயுச்சுழலிகளும் பொருத்தப்பட்டன. இச்சுழலிகள், போயிங் 707 விமானங்களில் ஒரு பகுதியை இயக்கிய ஜெட் இயந்திரத்திலிருந்து உருவானவை. நீரில் செல்லும் கப்பலுக்குத் தேவைப்படும் ஆற்றல், ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தை இரட்டிக்க வேண்டுமானால் ஏறக்குறைய எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். டீசலை விட்டுச் சுழலிக்கு மாறும்போது ஐந்து மடங்குக்கு மேல் ஆற்றல் கிடைத்தும் வேகம் இரட்டிப்பாகாததன் காரணம் இதுவே. நாட்கணக்கான ரோந்துக்குச் சிக்கனமான டீசலும், துரத்தும் வேளைக்கு எரிபொருளை விழுங்கும் சுழலியும் என்று வேலையைப் பிரித்துக்கொள்வது அதனால்தான்.

கேள்வி: 'டோரா' என்ற பெயர் எப்படி வந்தது? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: இஸ்ரேலில் வடிவமைக்கப்பட்ட அந்த அதிவேகத் தாக்குதல் படகின் பெயர் 'ட்வோரா'. ஹீப்ரு மொழியில் அதற்குத் தேனீ என்று பொருள். எம்மவர் நாவில் அது டோரா ஆகி, பிற்காலத்தில் கொழும்பு டொக்யார்டிலேயே கட்டப்பட்ட அதே தோற்றமுள்ள படகுகளுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இருபதுக்குச் சற்று மேற்பட்ட மீற்றர் நீளமுள்ள இப்படகுகளின் பலம் வேகமும் விரைந்து சுடும் துப்பாக்கிகளுமே. வடக்கிலும் கிழக்கிலும் வளர்ந்தவர்களுக்கு இப்பெயர் என்னென்ன நினைவுகளைக் கிளறும் என்பதை அறிந்தே, கேட்ட அளவில் பதிலை நிறுத்துகிறேன்.

கேள்வி: ஏவுகணை ஒன்று வருவது ராடாரில் தெரியும்போது, கப்பலால் ஏன் அதை எளிதாகச் சுட்டு வீழ்த்த முடிவதில்லை? (வாசகர்கள், வெள்ளவத்தை, வத்தளை)

பதில்: அது தெரிவதற்கும் வந்து விழுவதற்கும் இடையே உள்ள நேரம் மிகக் குறுகியது என்பதே காரணம். பழைய கடற்போர்களை நினைத்துப் பாருங்கள். 1914 செப்டெம்பரில் சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்து, தமிழில் 'அவன் ஓர் எம்டன்' என்ற வழக்கையே விட்டுச்சென்ற ஜெர்மன் கப்பலான எம்டன், அதே ஆண்டு நவம்பர் 9ஆம் திகதி கொக்கோஸ் தீவுகளருகே அவுஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் சிக்கியது. இரு கப்பல்களும் ஒன்றையொன்று கண்ணால் கண்டு, ஒன்பது பத்துக் கிலோமீற்றர் தூரத்தில் சுடத் தொடங்கின. முதலில் குறிதவறாமல் சுட்டது எம்டன்தான். ஆனால் அதன் 10.5 சென்ரிமீற்றர் பீரங்கிகளால் சிட்னியின் ஆறு அங்குலப் பீரங்கிகளுக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. உயிர் தப்பிய ஜெர்மன் மாலுமிகளைக் கைதிகளாக ஏற்றிக்கொண்டு சிட்னி வந்து சேர்ந்தது எமது கொழும்புத் துறைமுகத்துக்கு.

பெரிய பீரங்கியே வெல்லும் என்ற அந்தக் கணக்கை 1967 ஒக்டோபர் 21ஆம் திகதி மாற்றியது. நூறு தொன்னுக்கும் குறைவான எகிப்தியப் படகுகள், போர்ட் சைட் துறைமுகத்தை விட்டு வெளியே வராமலேயே சோவியத் தயாரிப்பான ஸ்டிக்ஸ் ஏவுகணைகளை வீசி, இஸ்ரேலின் எய்லட் என்ற நாசகாரியை மூழ்கடித்தன. பெருங்கப்பலைச் சிறுபடகு வீழ்த்தலாம் என்று அன்று தெரிந்தவுடன், உலகின் ஒவ்வொரு கடற்படையும் தன் கப்பல்களின் வடிவத்தையே மறுபடி சிந்திக்க வேண்டியதாயிற்று.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். பூமி உருண்டையாக இருப்பதால் ராடாருக்கும் ஓர் அடிவானம் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 25 மீற்றர் உயரத்தில் பொருத்தப்பட்ட ராடார், நீர்ப்பரப்புக்கு மூன்று மீற்றர் மேலே பறந்து வரும் ஏவுகணையை ஏறத்தாழ 28 கிலோமீற்றர் தூரத்தில்தான் முதன்முதலாகக் காண முடியும். ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, செக்கனுக்கு 300 மீற்றர் வீதம் அது வந்தால், கப்பலுக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்துக்குள், திரையில் தெரியும் புள்ளி அலையின் எதிரொலியா பறவைக்கூட்டமா ஏவுகணையா என்று தீர்மானித்து, கட்டளை பிறப்பித்து, எதிர்க்கணையை ஏவி, அது தவறினால் அடுத்ததையும் ஏவ வேண்டும். ஒலியை விட இரு மடங்கு வேகத்தில் வரும் கணையாயின் முக்கால் நிமிடமும் இல்லை.

பாதுகாப்பைப் படிப்படியாக அமைப்பதன் காரணம் இதுதான். தொலைவில் எதிர்க்கணைகள். அருகில், அலுமினியம் பூசிய நுண்ணிழைகளை வானில் தூவிப் பொய்யான கப்பலொன்றை ராடாருக்குக் காட்டும் ஏமாற்று வெடிகள். எல்லாம் தவறினால், ஆறு குழல்களைச் சுழற்றி நிமிடத்துக்கு 4,500 குண்டுகள் சுடும் பலாங்ஸ் போன்ற தானியங்கித் துப்பாக்கி. இது எட்டும் தூரம் ஒன்றரைக் கிலோமீற்றர் அளவே என்பதால், இதன் முறை வரும்போது எஞ்சியிருப்பது நாலைந்து செக்கன்கள். 1982 மே 4ஆம் திகதி போக்லண்ட் போரில், கடலை ஒட்டிப் பறந்து வந்த ஆர்ஜென்டீன விமானங்கள் வீசிய எக்சோசெட் கணையொன்று பிரித்தானிய நாசகாரியான ஷெஃபீல்டைத் தாக்கி, இருபது பேர் உயிரிழந்தனர். அந்தக் கப்பல் வான்பாதுகாப்புக்காகவே கட்டப்பட்டது என்பதை நினைக்கும்போது, இந்தச் சில செக்கன்களின் கொடுமை எனக்கு இன்னும் உறைக்கிறது.

கேள்வி: எங்கள் ஊரான மட்டக்களப்புக்கு அப்பால் கடலடியில் கிடக்கும் ஹெர்மிஸ் விமானம் தாங்கிக் கப்பல், விமானங்கள் இருந்தும் ஏன் மூழ்கியது? அவ்வகைக் கப்பல்கள் இன்றும் பயனுள்ளவையா? (வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: அதன் தளத்தில் அன்று ஒரு விமானமும் இருக்கவில்லை என்பதே துயரம். விமானம் தாங்கியாகவே திட்டமிட்டு அடிக்கல் நாட்டப்பட்ட உலகின் முதற்கப்பல் ஹெர்மிஸ். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலையைத் தாக்கிய ஜப்பானியப் படையின் விமானங்கள் அதைக் கண்டு குண்டுமாரி பொழிந்தபோது, எதிர்த்து எழும்ப ஒரு விமானம் இல்லாமலே அது மூழ்கியது. அதனுடன் மாண்டவர்கள் 307 பேர். ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கும் அந்தக் கப்பலை அவர்களுடைய கல்லறையாகவே கருதவேண்டும். சுழியோடச் செல்பவர்கள் அங்கிருந்து எதையும் எடுத்துவரலாகாது என்று இப்பத்தியின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு நான்கு நாட்கள் முன்னர், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பே தாக்கப்பட்டது. முதல்நாள் மாலை கொக்கலையிலிருந்து பறந்த கற்றலினா விமானமொன்றின் தலைவரான கனேடியர் லியோனார்ட் பேர்ச்சல், ஐந்து விமானம் தாங்கிகளைக் கொண்ட ஜப்பானியப் படையைத் தெற்கே கண்டு, தாம் சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன் செய்தியை அனுப்பிவிட்டார். அந்தச் செய்தி இருந்தும், மறுநாட் காலை ஜப்பானியர் வந்தபோது இரத்மலானையில் போர்விமானங்கள் இன்னும் தரையில் நின்றன. கொழும்பு 7 குதிரைப்பந்தயத் திடலில் அவசரமாக அமைக்கப்பட்ட ஓடுபாதையிலிருந்தும் ஹரிகேன் விமானங்கள் எழும்பிப் போரிட்டன. இன்று அங்கே உலாவச் செல்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அன்றே நண்பகலுக்குப் பின், டோர்செற்ஷயர், கோன்வோல் என்ற இரு பிரித்தானியக் குரூசர் போர்க்கப்பல்களும் விமானப் பாதுகாப்பின்றி நடுக்கடலில் அகப்பட்டு, சுமார் இருபது நிமிடங்களில் மூழ்கின. 424 பேர் இறந்தனர். டோர்செற்ஷயர், முந்திய ஆண்டில் ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பல் மீது இறுதி டோர்பிடோக்களை வீசிய கப்பலாகும்.

இன்று பயனுண்டா என்று கேட்டீர்கள். விமானம் தாங்கி என்பது முதன்மையாக உயரத்தில் ஒரு கண்ணை வைத்துக்கொள்ளும் வழி. மேலே கூறிய 28 கிலோமீற்றர் அடிவானத்தை, ராடாருடன் பறக்கும் விமானமொன்று நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு விரித்துவிடுகிறது. அமெரிக்காவின் பெருங்கப்பல்கள் நீராவியாலோ மின்காந்தத்தாலோ இயங்கும் உந்துபொறியால் விமானத்தை வீசியெறிகின்றன. இந்தியாவின் விக்ராந்த், முன்புறம் மேல்நோக்கி வளைந்த தளத்தால் விமானத்தை எழுப்பி, இறங்கும்போது கம்பிவடத்தில் கொக்கி மாட்டி நிறுத்துகிறது. கொச்சியில் கட்டப்பட்ட இக்கப்பல், எமது கடற்படையின் 75ஆவது ஆண்டு நிகழ்வுக்காக 2025 நவம்பர் இறுதியில் கொழும்புக்கு வந்திருந்தது. டிட்வா புயல் நாட்டைச் சூறையாடிய அவ்வேளையில் அதன் ஹெலிகொப்டர்கள் நிவாரணப் பணியில் இறங்கின. ஒரு போர்க்கப்பலை நாம் நன்றியுடன் நினைக்கக் கிடைத்த நாட்கள் அவை.

கேள்வி: இந்தியாவின் நீர்மூழ்கிகளான வகிர் 2023இலும் கரஞ்ச் 2024இலும் கொழும்புக்கு வந்தன. செய்மதிகள் நிறைந்த இக்காலத்திலும் நீர்மூழ்கியைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம்? அதன் வேகத்தை 'நொட்' என்பது ஏன்? (வாசகர், கொள்ளுப்பிட்டி)

பதில்: ராடார் அலைகள் கடல்நீரை ஊடுருவிச் செல்லமாட்டா. நீருக்குள் தொலைதூரம் செல்வது ஒலி மட்டுமே. செக்கனுக்குச் சுமார் 1,500 மீற்றர் வேகத்தில் செல்லும் அந்த ஒலியும் நேராகச் செல்வதில்லை. வெயிலில் சூடேறிய மேல்நீரும் கீழேயுள்ள குளிர்நீரும் சந்திக்கும் மட்டத்தில் அது வளைந்துவிடுவதால், அதற்குக் கீழே மறைந்திருக்கும் நீர்மூழ்கியை மேலே நிற்கும் கப்பலின் சோனார் என்ற ஒலியறி கருவியால் கேட்க முடியாமற் போகலாம். வகிர் போன்றவை நீருக்கடியில் மின்கலத்தால் ஓடுவதால் ஓசை மிகக் குறைவு. மின்கலத்தை மீளேற்ற, காற்றுக்குழாயை நீருக்கு மேல் உயர்த்தி டீசலை இயக்கும் நேரமே அவற்றுக்கு ஆபத்தான நேரம். அந்நேரத்தைப் பிடிப்பதற்காகவே, போயிங் 737இன் உடலில் அமைந்த பி-8 விமானங்களை இந்தியா அரக்கோணத்திலிருந்து பறக்கவிடுகிறது. அவை ஒலிவாங்கி மிதவைகளை வரிசையாகக் கடலில் போட்டு, அவை அனுப்பும் ஓசைகளை ஒப்பிட்டு இடத்தைக் கணிக்கின்றன.

நீர்மூழ்கியின் டோர்பிடோ, கப்பலின் பக்கத்தைத் துளைக்க வேண்டியதில்லை. அடிமரத்துக்குக் கீழே வெடித்து எழுப்பும் வாயுக்குமிழி கப்பலைத் தூக்கி, பின் சுருங்கும்போது தாங்குநீரின்றி நடுமுதுகை முறிக்கிறது. 2010 மார்ச் 26ஆம் திகதி தென்கொரியாவின் சொனான் கப்பல் இவ்வாறே இரண்டாகப் பிளந்ததாக அந்நாட்டின் தலைமையிலான விசாரணை முடிவுசெய்தது. அதில் 46 மாலுமிகள் இறந்தனர்.

'நொட்' என்றால் முடிச்சு. பாய்க்கப்பல் காலத்தில், பலகைத்துண்டு கட்டிய கயிற்றைக் கடலில் விட்டு, 28 செக்கன் மணற்கடிகாரம் வடிந்து முடிவதற்குள் கையை விட்டு எத்தனை முடிச்சுகள் ஓடுகின்றன என்று எண்ணினார்கள். முடிச்சுகளுக்கிடையே ஏறத்தாழ 14.4 மீற்றர் இடைவெளி விட்டிருந்தமையால், ஓடிய முடிச்சுகளின் எண்ணிக்கையே மணிக்கு இத்தனை கடல்மைல் என்ற கணக்காயிற்று. ஒரு கடல்மைல் 1,852 மீற்றர்.