நிலக்கரி உற்பத்திக்கு அரசுகள் வரிச்சலுகை தருகின்றனவா? இந்தியாவில் எப்படி?

தருகின்றன. ஆனால் பட்ஜெட்டில் 'மானியம்' என்று தேடினால் அகப்படாது. காரைக்குடியில் வரிக்கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். கொடுத்த பணம் பேரேட்டில் தெரியும். வாங்காமல் விட்ட வரி எந்தப் பக்கத்திலும் இருக்காது.

அமெரிக்காவில் சுரங்கக்காரர் நிலக்கரி விற்ற வருமானத்தில் 10 சதவீதத்தை, பூமியில் கரி குறைந்துகொண்டே போகிறது என்ற காரணத்துக்காகக் கழித்துக்கொள்ளலாம். உச்சவரம்பு உண்டு. ஆனால் போட்ட முதல் முழுக்கக் கழிந்த பிறகும் இந்தக் கழிவு தொடரும்! நம்மூரில் தேய்மானத்தை அப்படி எழுதிக்கொண்டு போனால் அதிகாரி சிரிப்பார். அமெரிக்காவின் 2025 சட்டத்தில், எஃகு ஆலைக்குப் போகும் கரிக்கு உற்பத்திச் செலவில் 2.5 சதவீதம் வரித் தள்ளுபடியும் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் சுரங்க வண்டிகளின் டீசல் வரி திரும்பக் கிடைக்கிறது (கரிக்கு மட்டுமல்ல, மற்ற சுரங்கங்களுக்கும்தான்). ஜெர்மனி பல காலம் நேரடியாகவே கொட்டிக் கொடுத்தது. 2018-ல் அது நின்றது, கடைசிக் கருங்கரிச் சுரங்கமும் மூடப்பட்டது.

இந்தியா 2010-ல் கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் செஸ் (தனிக் கூடுதல் வரி) போட்டு, 2016-ல் 400 ஆக்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த செஸ் இல்லை. பதிலாக ஜிஎஸ்டி 5-லிருந்து 18 சதவீதம். "கரிக்கு வரிய ஏத்திட்டாகளாமே தம்பி, கரண்டு பில்லும் ஏறுமா?" என்று ஓர் ஆச்சி கேட்டார். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக்கிடக்கிற வீடு, ஆனாலும் கவலை நியாயம்தான்.

கணக்குப் போடுங்கள். டன் 1,500 ரூபாய் என்றால் பழைய வரி 75-ம் 400-ம், ஆக 475. புதிய வரி 270. டன் 4,000 என்றால் பழையது 600, புதியது 720. செஸ் எடையைப் பார்த்தது, ஜிஎஸ்டி விலையைப் பார்க்கிறது. ஏறக்குறைய 3,080 ரூபாய்க்குக் கீழே விற்கிற கரிக்கு வரி குறைந்துவிட்டது. சாம்பல் அதிகமுள்ள மலிவுக் கரிதான் அதில் பெரும்பாலும் வரும். தலைப்புச் செய்தி 'வரி உயர்வு' என்றாலும், நான் இதைச் சலுகைப் பக்கத்தில்தான் எழுதுவேன்.

மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் மின்நிலையங்கள் கரிக்குக் கட்டிய வரியை இன்புட்டாக எடுக்க, அதாவது விற்பனை வரியில் கழித்துக்கொள்ள, முடியாது. கூடினாலும் குறைந்தாலும் எரிபொருள் செலவில்தான் விழும். தமிழ்நாட்டு நிலையங்களில் ஒடிசாக் கரியும் எரிகிறது, இறக்குமதிக் கரியும் எரிகிறது. செலவு ஏறுமா குறையுமா என்பது, எது எவ்வளவு எரிகிறது என்பதைப் பொறுத்தது. வீட்டுக் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் மாற்றினால்தான் பில் மாறும் என்று ஆச்சியிடம் சொன்னேன். "அப்ப அவுக எப்ப மாத்துவாக?" என்றார்.